உன் கருவி யாரிடம் தவறும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. உன் ஆய்வுத் திட்டத்தை உன் அப்பா அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நிதானமாகப் படித்தேன். கீழ் இமையை இழுத்துச் செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதும், ஊசி குத்தாமல் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று சொல்லும் கருவி. வேலைக்காலம் முழுக்க லேபில் சின்னப் பிள்ளைகளின் விரலைக் குத்தி அழவைத்தவள் நான். இது நடக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். அதனால்தான் "நன்றாக இருக்கிறதும்மா" என்று போனில் சொல்லி முடித்துவிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே, லேபில் ரத்தத்தை அளக்கும் செல் கவுண்டர் மெஷினோடு ஒப்பிட்டதில் கோரிலேஷன் 0.91 என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். உன் கைடும் அதைப் பாராட்டினார் என்று அப்பா சொன்னார். எனக்கு அந்த எண்ணிடம்தான் கேள்வி இருக்கிறது.

1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் லான்செட் இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். மருத்துவத்தில் புதிதாக எதையாவது அளக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்பேன். மூச்சை வேகமாக ஊதச் சொல்லி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் தெரியுமல்லவா? அதில் ரைட் மீட்டர் என்று பெரியது ஒன்று, கையடக்கமாக மினி ரைட் என்று ஒன்று. 17 பேரை இரண்டிலும் ஊதச் சொன்னார்கள். கோரிலேஷன் 0.94. உன்னுடையதைவிட மேல். சராசரி வித்தியாசமும் நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவுதான். ஆனால் தனி ஆளாக எடுத்துப் பார்த்தால், ஒரு மீட்டர் காட்டுவதற்கும் இன்னொன்று காட்டுவதற்கும் சுமார் 80 லிட்டர் வரை கூடவோ குறையவோ போகலாம். ஆஸ்துமா நோயாளிக்கு அது லேசான வித்தியாசமில்லை. மருந்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்பதை அதுவே தீர்மானித்துவிடும்.

கோரிலேஷன் சொல்வது, ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்பதை மட்டும். பத்து நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரமும் சரியான கடிகாரமும் நாள் முழுக்கச் சேர்ந்தேதான் ஓடுகின்றன. பின்தங்கியதை நம்பிப் போகிறவருக்கு பஸ் போய்விடும். உன் கருவி எல்லாருக்கும் 100 மில்லி ரத்தத்துக்கு 2 கிராம் குறைத்துச் சொன்னாலும் கோரிலேஷன் அப்படியே நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் 5 கிராமோடு வார்டில் படுத்திருப்பவர், மறுபக்கம் 16 கிராமோடு விடுதியில் இருக்கும் உன் வகுப்புப் பையன்கள் என்று ஆட்களைச் சேர்த்திருக்கிறாய். அளவுகள் இப்படிப் பரந்து கிடந்தால் கோரிலேஷன் தானாகவே உயரும். அதே கருவியை 9க்கும் 12க்கும் இடையே நிற்கும் கர்ப்பிணிகளிடம் மட்டும் வைத்துப் பார். அந்த 0.91 எங்கே இறங்குகிறது என்று தெரியும்.

ஆகவே முதல் பக்கத்திலிருந்து அந்தக் கோரிலேஷனை எடுத்துவிடு. அதற்குப் பதில், ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவின் சராசரியைக் கிடைக்கோட்டிலும் வித்தியாசத்தைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரை. எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்பதை அடுத்த தரவு கைக்கு வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கிவிடு. புள்ளிகளைப் பார்த்த பிறகு எல்லை குறித்தால் மனம் தாராளமாகிவிடும். எனக்குத் தெரிந்த நேர்மையான ஆட்களுக்கே அது நடந்திருக்கிறது.

செல் கவுண்டரோடு ஒப்பிடுவதெல்லாம் அடுத்த வேலை. முதலில் உன் கருவி தன்னோடு தானே ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். உன் திட்டத்தில் நான் தேடித் தேடிப் பார்த்தும் இது இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பது சாலி முறையில். அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். விரலைக் குத்தி 20 என்று குறித்த கோடு வரை பிப்பெட்டில் ரத்தம் உறிஞ்ச வேண்டும். நுனியின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் ரத்தத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு அமிலத்துக்குள் விட வேண்டும். துடைக்க மறந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். பத்து நிமிடம் வைத்தால் ரத்தம் காப்பி நிறத்துக்கு மாறும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, இரண்டு பக்கமும் இருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறம் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும். அந்த "ஒத்துப்போகும் இடம்" இருக்கிறதே, அது ஆளுக்கு ஆள் மாறும். ஜன்னலோரம் பிடித்தால் ஒன்று, டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்தால் வேறு. அதே குழாயைப் பார்த்து ஒரு டெக்னீஷியன் 9 என்பார், இன்னொருவர் 10 என்பார். காலையில் 9 என்றவரே முப்பது நாற்பது குழாய் பார்த்துக் கண் களைத்த பிறகு 9.5 என்பார். இருவருமே கெட்டிக்காரர்கள், கவனமானவர்கள். தவறு அந்த முறையின் உடம்பிலேயே இருந்தது.

உன் கருவியும் நிறத்தைப் பார்க்கிற கருவிதான் பாப்பா. கண்ணுக்குப் பதில் கேமரா, அவ்வளவே வித்தியாசம். ஒரே பெண்ணை ஒரே நர்ஸ் அடுத்தடுத்து இரண்டு படம் எடுக்கட்டும். பிறகு வேறொரு நர்ஸ் எடுக்கட்டும். பிறகு வேறொரு போனில். காலை வெளிச்சத்தில் ஒன்று, மதியம் திண்ணையில் ஒன்று. ஒரே ஆளிடமே 1.5 கிராம் ஆடுகிற கருவி, உலகத்திலேயே உயர்ந்த மெஷினோடு ஒப்பிட்டாலும் அதைவிட நெருக்கமாக ஒத்துப்போக முடியாது. இந்த வேலைக்குப் பணமும் பெரிதாகத் தேவையில்லை, ரத்தமும் தேவையில்லை. ஆனாலும் பலர் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். கட்டுரையில் போட்டால் அழகாக இருக்காது என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, எதை உண்மை என்று வைத்துக்கொள்கிறாய் என்பது. "ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறாய். எந்த மெஷின், தினமும் காலையில் அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டுகிறார்களா, வெளித் தரச் சோதனைத் திட்டத்தில் அந்த லேப் இருக்கிறதா என்று எழுது. செல் கவுண்டர் சொல்லும் எண்ணுக்கும் பின்னால் ஒரு வேர் உண்டு. ரத்தத்தை டிராப்கின் திரவத்தில் கலந்து, ஹீமோகுளோபினை சயன்மெத்ஹீமோகுளோபினாக மாற்றி, 540 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் முறை அது. 1960களில் அதைச் சர்வதேச அளவுகோலாக ஏற்றுக்கொண்டார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் திரவமாக அதை எந்த ஊருக்கும் அனுப்ப முடிந்தது என்பது அதன் பெரிய பலம். அளவுகோல் ஊர் விட்டு ஊர் போக முடிந்ததால்தான் சென்னையில் 11 என்றால் ஜெனிவாவிலும் 11 என்று ஆனது.

படம் எடுப்பதற்கும் ரத்தம் எடுப்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்றும் நீ எழுதவில்லை. ஒருவர் கொஞ்ச நேரம் படுத்திருந்தாலே ரத்தத்தில் நீர் கூடி ஹீமோகுளோபின் இறங்கும். நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் படுக்கையில் ரத்தம் எடுத்தால், கருவி செய்யாத தவறும் கருவியின் கணக்கில் ஏறும். ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்தவுடனே அதை மெதுவாகப் பல முறை தலைகீழாக்கிக் கலக்க வேண்டும். அவசரத்தில் நர்ஸுகள் இரண்டு தடவை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் நின்று பார்.

இதெல்லாம் லேப்காரியின் நச்சரிப்பு என்று உனக்குத் தோன்றினால், நம் நாட்டுக் கணக்கையே பார். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2015-16 சுற்றில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 58.6 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று வந்தது. 2019-21 சுற்றில் அது 67.1 ஆக ஏறியது. நாடே பதறியது. நடுவில் 2016-18இல் விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு என்று ஒன்று நடந்தது. அதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்று வந்தது. வயது வரம்பு கொஞ்சம் வேறு, ஆட்கள் வேறு. ஆனால் முக்கியமான வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. குடும்ப நல ஆய்வு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோக்யூ என்ற கையடக்க மெஷினில் பார்த்தது. ஊட்டச்சத்து ஆய்வு, கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் தானியங்கி மெஷினில் பார்த்தது.

ஹீமோக்யூ நல்ல மெஷின், நானே பயன்படுத்தியிருக்கிறேன். பிரச்சினை சொட்டில். விரலைக் குத்தியதும் வரும் முதல் சொட்டுகளைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லையே என்று விரலைப் பிதுக்கினால் சதையிலிருக்கும் நீரும் சேர்ந்து வரும், அளவு குறையும். சொட்டுக்குச் சொட்டே அளவு மாறும். இதை வெயிலில், வீடு வீடாக, அழும் குழந்தையை அம்மா பிடித்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். இந்த அளவுகளைப் பற்றி எழுந்த விவாதத்துக்குப் பிறகு குடும்ப நல ஆய்வின் ஆறாவது சுற்றிலிருந்து ரத்தசோகையை எடுத்துவிட்டு, நரம்பு ரத்தத்தில் பார்க்க ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழியாகத் தனி ஆய்வு தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில் நரம்பு ரத்தம், தானியங்கி மெஷின் என்றே பரிந்துரைத்தது. எத்தனை கோடிப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து கொடுப்பது, எதில் கலந்து கொடுப்பது என்றெல்லாம் முடிவு செய்யும் எண் அது. அது விரல் நுனியைப் பிதுக்கியதிலும் மாறும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பொறுக்கவில்லை.

லேபில் ஜெயித்து வெளியே தடுமாறிய இன்னொரு கருவி உன்னுடையதற்கு நெருங்கிய உறவு. உலக சுகாதார நிறுவனம் ஆதரித்த ஹீமோகுளோபின் வண்ண அட்டை. 1995இல் அதைப் பற்றி எழுதினார்கள். தனி வகை உறிஞ்சுதாளில் ஒரு சொட்டு ரத்தம், 30 விநாடி காத்திருப்பு, பிறகு 4 முதல் 14 கிராம் வரை குறித்த ஆறு சிவப்பு நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மின்சாரம் வேண்டாம், விலையும் மலிவு. லேபில் சோதித்தபோது நல்ல பெயர் வாங்கியது. நிஜமான சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அவ்வளவு நன்றாக வரவில்லை. அந்தத் தாள் தீர்ந்து வேறு தாள் வைத்தால், சொட்டு பெரிதானால், சீக்கிரமே பார்த்துவிட்டால், வெளிச்சம் மங்கினால் எண் மாறும். அந்த அட்டையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதைச் சோதித்த கைகளும் பயன்படுத்திய கைகளும் வேறு வேறாக இருந்தன.

கைகளைப் போலவே உடம்புகளும். கொரோனா சமயத்தில் எல்லா வீட்டிலும் வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதன் மூலக் கருத்து ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் இருந்த தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்டது. அவர் அளக்க நினைத்தது வேறொன்று. நாடித்துடிப்பால் வரும் ஆட்டம் தொந்தரவாகக் குறுக்கே வந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை நீக்கும் வழியைத் தேடியவர், அதிலேயே ஆக்ஸிஜன் அளவு ஒளிந்திருப்பதைக் கண்டார். எத்தனை உயிரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு! ஆனால் 2020இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், தமனி ரத்தத்தில் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். இந்தக் கருவியைச் சோதிக்க அந்நாட்டு அரசு 2013இல் கொடுத்த வழிகாட்டுதல், ஆரோக்கியமான தன்னார்வலர்கள் 10 பேரை வைத்துப் பார்த்தால் அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் 2 பேர் இருந்தால் போதும் என்றது. சோதனையில் யார் குறைவாக இருந்தார்களோ அவர்களிடம்தான் கருவி அதிகம் தவறியது, அதுவும் வெளியே தெரியாமல்.

இப்போது உன் பட்டியலைப் பார். கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரி வார்டு. கண்ணில் மை இட்ட பெண் ஒருவர்கூட உன் படங்களில் இல்லை. மை கீழ் இமை ஓரத்தில்தானே இருக்கும்? துடைத்துவிட்டு எடு என்பாய்; துடைத்தால் இமை சிவந்துபோகும், கருவி அதை நல்ல ரத்தம் என்று படித்துவிடும். விறகடுப்புப் புகையில் நிற்கும் பெண்களுக்குக் கண் எப்போதும் சிவந்திருக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலை நாள் முழுக்கப் பார்க்கிறவர்களின் கண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வா. மெட்ராஸ் ஐ வந்த கண், மஞ்சள் காமாலைக் கண், வயதானவர்களின் தொய்ந்த இமை, அழுது முடித்த குழந்தை. ரத்தசோகை மிகுதியாக இருப்பதும் இவர்களில் பலரிடம்தான், உன் கருவி குழம்பப் போவதும் இவர்களிடம்தான். போனும் அப்படித்தான். உன் போன் விலை உயர்ந்தது. கிராம சுகாதார நர்ஸின் போன் வேறு, அது படத்தை அழகாக்குகிறேன் என்று தானே நிறத்தை மாற்றிவிடும்.

கம்ப்யூட்டர் எந்தப் படங்களை வைத்துக் கற்றுக்கொண்டதோ அதே படங்களிலிருந்து கொஞ்சத்தை எடுத்துச் சோதித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், நாலாம் பக்கத்தில் அது தெளிவாக இல்லை. அப்படியானால் அந்த முடிவைச் சோதனை என்று சொல்லாதே. வேறு மாவட்டத்தில், வேறு கைகள் எடுத்த படங்களில், கருவியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஓட்டிப் பார்த்த பிறகு வருவதுதான் சோதனை. படம் எடுக்கும் நர்ஸுக்கு ரத்த ரிப்போர்ட் தெரியக் கூடாது, லேபுக்கு உன் கருவியின் எண் தெரியக் கூடாது.

இன்னொன்றை உன் கைடிடமும் பேசு. இந்த எண்ணை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்? நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எப்படியும் கொடுத்துவிடுகிறார்கள். 10.4ஆ 10.9ஆ என்பதால் பெரிதாக எதுவும் மாறாது. 7க்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே அந்த 7ஐச் சுற்றி உன் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1,000 கர்ப்பிணிகளில் 7க்குக் கீழே இருப்பவர்கள் 20 பேர் என்று வை. உன் கருவி, உள்ளவரைப் பிடிப்பதிலும் இல்லாதவரை விடுவதிலும் நூற்றுக்கு 90 சரி என்று வை. 18 பேரைப் பிடிக்கும், 2 பேரை விட்டுவிடும். மீதி 980 பேரில் 98 பேரைக் கடும் ரத்தசோகை என்று தவறாகச் சொல்லும். ஆக 116 பேர் அன்றைய கூலியை விட்டு, பஸ் ஏறி, வயிற்றுப் பிள்ளையோடு பயந்துகொண்டு வருவார்கள். 18 பேருக்குத்தான் அது தேவை. இதே கருவியைப் பாதிப் பேருக்குக் கடும் ரத்தசோகை இருக்கும் வார்டில் சோதித்தால், அது இருக்கிறது என்று சொன்ன பத்தில் ஒன்பது சரியாக இருக்கும். வார்டில் கிடைத்த பெருமையைக் கிராமத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. அதற்காக 116 பேரை அனுப்புவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. ஊசியே போட முடியாத இடத்தில், 18 உயிருக்காக அது தகும். வசதி இருக்கிற இடத்தில், அந்த 116 பேருக்கும் துணை சுகாதார நிலையத்திலேயே ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிட்டுப் பிறகு அனுப்பலாம். ஆனால் விடுபட்ட அந்த 2 பேர் யார் என்று தெரியாமல் நீ தூங்கக் கூடாது. ஒவ்வொருவரையும் தேடிப் போய், ஏன் தவறியது என்று அந்தப் படத்தோடு உட்கார்.

மையும் புகையும் உப்பளமும் சேர்த்தால் உன் எண்கள் இறங்கும். 0.91 போய்விடும். ஆய்வேட்டில் "இந்தக் கருவி புகையடுப்பில் சமைக்கும் பெண்களிடம் இத்தனை கிராம் வரை தவறுகிறது, இந்தந்த போனில் பயன்படுத்தக் கூடாது" என்று நீ எழுதினால், கிராமத்து நர்ஸ் அதைக் கையில் எடுக்கலாம். தன் தவறின் அளவைச் சொல்லாத கருவியை என் லேபுக்குள் நான் விட்டதில்லை. நீ செய்ததானாலும் விடமாட்டேன்.

பொங்கல் லீவுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கு. என்னோடு வேலை பார்த்தவரின் மகள் இங்கே கிராம சுகாதார நர்ஸாக இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பெண்கள் வருவார்கள். அவள் போனில், அவள் கையால், அவர்கள் சம்மதத்தோடு எடுக்கச் சொல்லிப் பார்ப்போம். நீ தொடக் கூடாது, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அதற்கு முன் உன் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தில் இந்த இடத்தையும் சேர்த்துக்கொள், அது இல்லாமல் ஒரு படம்கூட எடுக்க விடமாட்டேன். உன் எக்செல் தாளையும் கொண்டுவா. வரைபடம் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவும் தனித்தனியாக இருக்கிற தாள்.

இப்படிக்கு,
அன்புடன் அத்தை